காட்டு ரோட்டுல அடிபடுற உயிர்களை மேப் பண்றது எப்படி? கியூஜிஐஎஸ் ஓரளவு தெரிஞ்சவங்களுக்கான முழுமையான வழிகாட்டி

கியூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேரைத் திறந்து ஒரு சிஎஸ்வி ஃபைலை (கமா போட்டுப் பிரிச்ச டேபிள்) போட்டு புள்ளி வர வைக்கத் தெரியும், ஆனா அதுக்கப்புறம் அந்தப் புள்ளிய வச்சு என்ன பண்றதுன்னு தெரியலங்கறவங்களுக்காக இத எழுதுறேன். உதாரணத்துக்கு ஆழியாறுலேர்ந்து வால்பாறை ஏறுற மலை ரோடு, 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அதையே எடுத்துக்கறேன். ஏன்னா மலை ரோட்டுல வர்ற சிக்கலைத் தீர்க்கத் தெரிஞ்சுட்டா சமவெளி ரோடு தானா வந்துரும்.

புதுசா வர்றவங்க திணர்றது பெரும்பாலும் சாஃப்ட்வேர்ல இல்ல, வரிசைல. ரெண்டாவது நாளே ஹீட்மேப் (புள்ளி அடர்த்தியா இருக்கிற இடம் சிவப்பா தெரியற மேப்) போட்டுடறாங்க, ஒரு மாசம் கழிச்சுதான் டேபிள்ல தேதி தப்பா இருக்குன்னு தெரியுது. அதனால கீழ இருக்கிற வரிசைய மாத்தாம போங்க.

1. முதல்ல கேள்விய எழுதிக்கோங்க

இந்த மேப் யார் கைக்குப் போகப் போகுது? வனத்துறை ரேஞ்சருக்கோ நெடுஞ்சாலைத்துறை இன்ஜினியருக்கோன்னா, அவங்க கேட்கப் போறது ஒரே கேள்வி, "எந்த இடத்துல வேகத்தடை போடணும்?" அதுக்கு பதில் "இந்தக் கிலோமீட்டர் கல்லுலேர்ந்து இந்தக் கல்லு வரைக்கும்"னு இருக்கணும். சிவப்பா பரவியிருக்கிற ஒரு கறைய அவங்களால எதுவும் பண்ண முடியாது.

இன்னொன்னு, எந்த உயிர்? சோலைமந்தி அடிபடுறதுக்கு தீர்வு மேல கட்டுற கயித்துப் பாலம். தவளைக்கு தீர்வு ரோட்டுக்கு அடியில போற கல்வெர்ட். சருகுமான், மரநாய்க்கு வேகத்தடையும் ராத்திரி வண்டிக் கட்டுப்பாடும். எல்லாத்தையும் ஒரே லேயர்ல கொட்டி மேப் போட்டா மழைக்காலத் தவளைங்க எண்ணிக்கையில ரெண்டு சோலைமந்தி காணாமப் போயிடும். அதனால ஆரம்பத்துலயே குரங்கு, தவளைன்னு உயிர்களைக் கூட்டம் கூட்டமா பிரிச்சு யோசிங்க.

2. ஃபீல்டுல என்னென்ன பதியணும்

கியூஃபீல்ட் ஆப் போதும், நெட் இல்லாம வேலை செய்யும், அது முக்கியம், ஏன்னா அந்த ரோட்டுல பாதி இடத்துல டவர் கிடையாது. கம்ப்யூட்டர்ல ப்ராஜெக்ட் ரெடி பண்ணி போனுக்கு மாத்திக்கலாம். ஃபார்ம்ல இதெல்லாம் வைங்க:

- தேதியும் நேரமும் (தானா விழுற மாதிரி)
- உயிர் கூட்டம், அதுக்குள்ள இனம். ரெண்டுமே டிராப்டவுன் பட்டியலா இருக்கணும், கையால டைப் பண்ண விடாதீங்க
- ஜிபிஎஸ் துல்லியம் எத்தனை மீட்டர்
- எந்த வளைவுக்கும் எந்த வளைவுக்கும் நடுவுல, பக்கத்து கிலோமீட்டர் கல் எது
- நடந்து பார்த்தீங்களா, பைக்லயா, கார்லயா
- போட்டோ

இனம் தெரியலன்னா "தெரியல"ன்னு ஒரு ஆப்ஷன் கண்டிப்பா வைங்க. அது இல்லேன்னா ஆளுங்க ஊகிச்சு எதையாவது அமுக்கிடுவாங்க, நசுங்கிப்போன பாம்ப பார்த்து கேடயவால் பாம்பா வேற எதாவதான்னு ரோட்டு ஓரத்துல நின்னு சொல்றது கஷ்டம். போட்டோ இருந்தா பிறகு தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கலாம்.

வளைவு நம்பரை ஏன் கேட்கறேன்னு 7-வது படியில புரியும். இத விட்டுட்டுப் போனவங்க எல்லாரும் திரும்ப ஃபீல்டுக்குப் போக வேண்டியதாயிருக்கு.

ரெண்டு எச்சரிக்கை. செத்த பாம்பையும் வெறும் கையால தொடாதீங்க, செத்து கொஞ்ச நேரத்துக்கு தலை தன்னிச்சையா கடிக்கும். அப்புறம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி செத்துக் கிடக்கிற காட்டு விலங்கும் அரசு சொத்து, எடுத்துட்டு வரக்கூடாது. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வனத்துறை அனுமதி வாங்கிடுங்க, வளைவுல நின்னு குனியறப்ப ஒளிரும் ஜாக்கெட் போட்டுக்கோங்க.

அதே உடலை மறுநாள் திரும்ப எண்ணிடாம இருக்க, பதிஞ்சதும் ஒரு குச்சியால ரோட்டை விட்டு ஓரமா தள்ளிடுங்க. அதைத் தின்ன வர்ற கீரியும் பருந்தும் அடுத்து அடிபடாம இருக்கிறதுக்கும் அது உதவும்.

3. டேபிளை சுத்தம் பண்ணுங்க

இது போரான வேலைதான், ஆனா இங்க விட்ட தப்பு கடைசி வரைக்கும் கூடவே வரும்.

பழைய நோட்டுலேர்ந்து எடுக்கிற இடக்குறி டிகிரி, நிமிஷம், நொடில இருந்தா கணக்கு போட்டு மாத்தணும். 10 டிகிரி 19 நிமிஷம் 36 நொடின்னா, 10 கூட்டல் 19-ஐ 60-ஆல வகுத்தது கூட்டல் 36-ஐ 3600-ஆல வகுத்தது, அதாவது 10.3267. அப்படியே சேர்த்து 10.1936-ன்னு அடிச்சுட்டா புள்ளி கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர் தெற்க போய் கேரளா காட்டுக்குள்ள விழும். இதுல ஆபத்து என்னன்னா அங்கயும் காடுதான், அதனால பார்க்கிறப்ப சந்தேகமே வராது.

இன்னொரு வழக்கமான தப்பு, கியூஜிஐஎஸ்ல எக்ஸ்ங்கறது தீர்க்கரேகை, ஒய்ங்கறது அட்சரேகை. மாத்திப் போட்டா வால்பாறை புள்ளியெல்லாம் ஆர்க்டிக்ல ஸ்வால்பார்ட் தீவுக்கு மேற்க கடல்ல போய் உட்காரும். "புள்ளியே வரல"ன்னு கேட்கிறவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது, லேயருக்கு ஜூம் பண்ணிப் பாருங்க, அது எங்கயோ வந்திருக்கும்.

எக்செல்ல தேதி தானா மாறும், 5/6-ங்கறது மே 6-ஆ ஜூன் 5-ஆன்னு யாருக்கும் தெரியாது. வருஷம்-மாசம்-நாள்ங்கற வரிசைல வைங்க. தமிழ்ல பேர் எழுதியிருந்தா சேவ் பண்றப்ப யூடிஎஃப்-8 சிஎஸ்வின்னு தேர்ந்தெடுங்க, இல்லேன்னா எல்லாம் கேள்விக்குறியாயிடும்.

சேமிக்கிறது ஜியோபேக்கேஜ் ஃபார்மேட்ல. ஷேப்ஃபைல் வேண்டாம். ஷேப்ஃபைல்ல காலம் (டேபிளோட நெடுவரிசை) பேருக்கு 10 பைட்தான் இடம், ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு 3 பைட் போகும், அப்ப மூணு குறியோட பேர் வெட்டுப்பட்டுடும். அதுவும் இல்லாம நாலஞ்சு ஃபைலா இருக்கிறதுல ஒண்ண மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு "ஓப்பன் ஆகல"ன்னு சொல்றது தினமும் நடக்கிற கதை.

4. டிகிரியை மீட்டரா மாத்துங்க

ஜிபிஎஸ் கொடுக்கிறது டிகிரி. அந்த டிகிரி முறைக்கு கியூஜிஐஎஸ்ல இருக்கிற நம்பர் ஈபிஎஸ்ஜி 4326. நாம கேட்கப் போறது மீட்டர் கணக்கு. 4326-ல இருக்கிற லேயருக்கு 50-ன்னு பஃபர் (சுத்தி இவ்வளவு தூரம்னு போடுற வளையம்) போட்டா அது 50 மீட்டர் இல்ல, 50 டிகிரி, பாதி ஆசியா உள்ள வந்துரும்.

அதனால உலகத்தை ஜோன் ஜோனா பிரிச்சு மீட்டர்ல அளக்கிற யூடிஎம் முறைக்கு மாத்தணும். எந்த ஜோன்? 78 டிகிரி கிழக்குங்கற கோடு தமிழ்நாட்டுக்குள்ளயே, திண்டுக்கல்லுக்கு ரொம்ப பக்கத்துல, மேலேர்ந்து கீழ ஓடுது. அதுக்கு மேற்க இருக்கிற வால்பாறை, முதுமலை, சத்தியமங்கலம், கொடைக்கானல் எல்லாம் ஜோன் 43 வடக்கு, ஈபிஎஸ்ஜி 32643. கிழக்க இருக்கிற ஏற்காடு, கொல்லிமலை, வேடந்தாங்கல், சென்னை எல்லாம் ஜோன் 44 வடக்கு, 32644. யாரோ சென்னைல செஞ்ச ப்ராஜெக்ட்டை காப்பி பண்ணி வால்பாறைக்கு உபயோகிக்காதீங்க.

இப்ப அதிகமா நடக்கிற தப்புக்கு வர்றேன். லேயர் மேல ரைட் கிளிக் பண்ணி "செட் லேயர் சிஆர்எஸ்"ல (சிஆர்எஸ்னா இடக்குறி எந்த முறைல இருக்குங்கறது) 32643-ன்னு மாத்திட்டு வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறது. அது வெறும் லேபிளை மட்டும் மாத்துது, உள்ள இருக்கிற எண்ணு 76.95, 10.32-ன்னு அப்படியே இருக்கும், இப்ப கியூஜிஐஎஸ் அத 76 மீட்டர், 10 மீட்டர்னு படிக்கும், புள்ளி எல்லாம் ஒரே இடத்துல குவிஞ்சு நிலநடுக்கோட்டுகிட்ட போயிடும். நீங்க பண்ண வேண்டியது ப்ராசஸிங் டூல்பாக்ஸ்ல இருக்கிற "ரீபுரொஜெக்ட் லேயர்". அது எண்ணையே மாத்தி புது லேயர் கொடுக்கும்.

திரையில எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்கார்றதை வச்சு நம்பிடாதீங்க, கியூஜிஐஎஸ் காட்டறப்ப மட்டும் தானா சேர்த்துக் காட்டும், கணக்கு போடுறப்ப ஒவ்வொரு லேயரோட சொந்த சிஆர்எஸ்தான் பேசும். லேயர் மேல மவுஸை வச்சு ஒவ்வொன்னும் 32643-தானான்னு பார்த்துட்டு அடுத்த படிக்குப் போங்க.

5. ரோட்டை ஒரே கோடா ஆக்குங்க

க்விக்ஓஎஸ்எம் ப்ளகின்ல, ஓஎஸ்எம்னு சுருக்கமா சொல்ற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்லேர்ந்து ரோடு எடுக்கலாம். ஆனா அது துண்டு துண்டா வரும், பாலம் வந்தா ஒரு துண்டு, ஊர் வந்தா ஒரு துண்டு. எஸ்டேட் ரோடுங்க கிளையா ஒட்டியிருக்கும்.

முதல்ல கிளையெல்லாம் நீக்குங்க, அப்புறம் "டிசால்வ்", அப்புறம் "மெர்ஜ் லைன்ஸ்", கடைசியா "மல்டிபார்ட் டு சிங்கிள்பார்ட்ஸ்". அட்ரிபியூட் டேபிள்ல ஒரே ஒரு வரி இருந்தா சரி. ரெண்டு வந்தா நடுவுல எங்கயோ இடைவெளி இருக்கு, ஜூம் பண்ணி ஒட்டுங்க. கோட்டோட திசை ஆழியாறுலேர்ந்து ஆரம்பிக்குதான்னும் பாருங்க, இல்லேன்னா "ரிவர்ஸ் லைன் டைரக்ஷன்". திசை தப்புன்னா அடுத்த படியில கொடுக்கப் போற துண்டு நம்பர் எல்லாம் தலைகீழாயிடும்.

6. 500 மீட்டர் துண்டா வெட்டுங்க

"ஸ்ப்ளிட் லைன்ஸ் பை மேக்ஸிமம் லெங்த்", 500. முன்னாடி ஒண்ணா சேர்க்காம வெட்டினா ஒவ்வொரு ஓஎஸ்எம் துண்டோட முடிவுலயும் 40 மீட்டர், 70 மீட்டர்னு குட்டித் துண்டு மிச்சமாகும், அதுல ஒரே ஒரு தவளை இருந்தாலும் கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கணக்கு போடுறப்ப அதுதான் ஆபத்தான இடம்னு காட்டும்.

வெட்டினதும் ரெண்டு காலம் சேருங்க: துண்டு எண், நீளம். இந்த துண்டு எண்ண இனி எப்பவும் மாத்தாதீங்க.

500 ஏன்னு கேட்பீங்க. 100 மீட்டர்னா உங்க ஜிபிஎஸ் பிழையே மரத்தடியில 20, 30 மீட்டர் இருக்கும், பாதிப் புள்ளி பக்கத்துத் துண்டுக்குப் போயிடும். 2 கிலோமீட்டர்னா வேகத்தடை எங்க போடறதுன்னு சொல்ல முடியாது. பதிவு நிறைய இருந்தா 250 முயற்சி பண்ணலாம்.

7. புள்ளியை சரியான துண்டோட சேர்க்கிறது

வேலையோட கஷ்டமான இடம் இதுதான், நிதானமா படிங்க.

எல்லாரும் முதல்ல பண்றது, துண்டுக்கு 50 மீட்டர் பஃபர் போட்டு உள்ள எத்தனை புள்ளின்னு எண்றது. சமவெளியில பரவாயில்ல. கொண்டை ஊசி வளைவுல மேல் ரோடும் கீழ் ரோடும் மேப்ல பார்த்தா ஒட்டி ஒட்டிப் போகும், ரெண்டு துண்டோட பஃபரும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், ஒரே பாம்பு ரெண்டு தடவை எண்ணப்படும். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தா உங்க பதிவை விட அதிகமா வரும், நிறைய பேர் அந்தக் கூட்டலைக்கூட பார்க்கறதில்ல.

அதனால பஃபர் வேண்டாம், "ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை நியரஸ்ட்" போடுங்க. புள்ளி லேயர் முதல்ல, துண்டு லேயர் ரெண்டாவது, பக்கத்துல இருக்கிறது 1 போதும், அதிகபட்ச தூரம் 60 மீட்டர். முடிஞ்சதும் வரி எண்ணிக்கை பழையபடி இருக்கான்னு பாருங்க. கூடியிருந்தா ஏதோ ஒரு புள்ளி ரெண்டு துண்டுக்கும் சரிசமமான தூரத்துல, அதாவது சரியா வெட்டின இடத்துக்கு நேரா இருக்கு. அதுல ஒண்ண நீக்குங்க. சேராம விட்டுப்போனது எதுன்னா அது ரோட்டுலேர்ந்து 60 மீட்டருக்கு மேல இருக்கு, இடக்குறி தப்பா இருக்கலாம், போட்டோ நேரத்தை வச்சு சரிபாருங்க.

இத்தோட முடியல. ஜிபிஎஸ் 25 மீட்டர் தள்ளிக் காட்டினா கீழ் ரோட்டுல கிடந்தது மேல் ரோட்டோட போய் ஒட்டிக்கும். மேல் ரோடுக்கும் கீழ் ரோடுக்கும் பறவை பறக்கிற தூரம் கொஞ்சம்தான், ஆனா ரோட்டு வழியா பெரிய வித்தியாசம் வந்துடும். இதக் கண்டுபிடிக்க அதே டூலை இன்னொரு தடவை ஓட்டுங்க, இந்தத் தடவை பக்கத்துல இருக்கிறது 4-ன்னு கொடுங்க. ஒரே புள்ளிக்கு வந்த துண்டு எண்ணுங்களைப் பாருங்க, 12-ம் 13-ம் வந்தா கவலை இல்ல, அடுத்தடுத்த துண்டுதான். 12-ம் 15-ம் வந்தா அது வளைவோட ரெண்டு கைக்கும், அதாவது மேல் ரோடுக்கும் கீழ் ரோடுக்கும், நடுவுல நிக்கிற சந்தேகப் புள்ளி. அதையெல்லாம் தனியா எடுத்து, ஃபார்ம்ல எழுதின வளைவு நம்பரோட ஒப்பிட்டு கையால சரி பண்ணுங்க. வளைவு நம்பர் பதியாம விட்டவங்களுக்கு இங்க வேற வழியே கிடையாது, அந்தப் பதிவ "இடம் சந்தேகம்"னு குறிச்சு தள்ளி வைக்க வேண்டியதுதான்.

8. எத்தனை தடவை தேடினீங்க?

வெறும் எண்ணிக்கைய வச்சு மேப் போட்டா அது உயிர் எங்க சாகுதுன்னு சொல்லாது, நீங்க எங்க அடிக்கடி போனீங்கன்னு சொல்லும். டீக்கடை இருக்கிற பக்கம், தங்கற இடத்துக்குப் பக்கம், வண்டி நிறுத்த இடம் இருக்கிற பக்கம் எப்பவும் நிறைய புள்ளி இருக்கும்.

ஒவ்வொரு நடைக்கும் ஜிபிஎஸ் ட்ராக் பதியுங்க, எதுவுமே கிடைக்காத நாளையும் சேர்த்து. அப்புறம் ஒவ்வொரு துண்டையும் எத்தனை தடவை முழுசா கடந்தீங்கன்னு ஒரு காலம். ஒண்ணுமே கிடைக்கலன்னு பதியறதுக்கு ஆளுங்க சோம்பல்படுவாங்க, அந்த பூஜ்யம்தான் மத்த எண்ணுக்கெல்லாம் அர்த்தம் கொடுக்குது.

கணக்கு இதுதான்: எண்ணிக்கைய, நீளமும் தடவையும் பெருக்கி வர்றதால வகுக்கணும். ஒரு துண்டு அரை கிலோமீட்டர், 40 தடவை போனீங்க, 10 உயிர் கிடைச்சுதுன்னு வச்சுக்கோங்க, 0.5 வரும். இன்னொரு துண்டும் அரை கிலோமீட்டர், 8 தடவைதான் போனீங்க, 4 கிடைச்சுது, 1.0 வரும். வெறும் எண்ணிக்கைல முதல் துண்டுதான் மோசம், கணக்குப்படி ரெண்டாவது ரெண்டு மடங்கு மோசம். பணம் ஒரு இடத்துக்குத்தான் இருக்குன்னா எங்க போகணும்கறது இங்கதான் மாறுது.

அதே சமயம் 8 தடவைங்கறது கொஞ்சம்தான், இன்னும் ரெண்டு மூணு தடவை போனா அந்த எண்ணு ஆடும். ரொம்ப கம்மியா போன துண்டையெல்லாம் மேப்ல சாம்பல் கலர்ல "போதுமான தகவல் இல்ல"ன்னு காட்டுங்க. பச்சை கலர் கொடுத்தா அங்க பிரச்சினை இல்லன்னு படிச்சிடுவாங்க.

நடந்து பார்த்ததையும் வண்டியில பார்த்ததையும் ஒண்ணா கலக்காதீங்க. கார்லேர்ந்து மானோ குரங்கோ தெரியும், விரல் நீளத் தவளை தெரியாது. நேரமும் அப்படித்தான், சின்ன உடலை காக்கா தூக்கிட்டுப் போயிடும், இல்ல டயர்ல அரைஞ்சு போயிடும், அதனால தினமும் விடியற்காலைல ஒரே நேரத்துக்குப் போங்க. தென்மேற்குப் பருவமழை மாசங்களை தனி லேயரா வைங்க, ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரை தவளைக் கணக்கே வேற.

9. ஹீட்மேப் போடலாமா?

மலை ரோட்டுக்கு வேண்டாம்ங்கறதுதான் என் முடிவு. ஹீட்மேப் எல்லாப் பக்கமும் தூரத்தை நேர்கோட்டுல அளக்குது. வளைவு நிறைஞ்ச இடத்துல சின்ன பரப்புக்குள்ள நிறைய ரோடு சுருண்டு கிடக்கு, அங்க புள்ளி அடர்த்தி தானா கூடும். எல்லா துண்டுலயும் ஒரே அளவு உயிர் செத்தாலும் வளைவுங்க மட்டும் சிவப்பா எரியும். அத நம்பி வளைவுலயே வேகத்தடை போடச் சொன்னா, ஏற்கனவே வண்டி மெதுவா போற இடத்துல போய் போட்டதாயிடும்.

துண்டையே 8-வது படியில வந்த விகிதத்துக்கு ஏத்தபடி கலர் கொடுங்க, "கிராஜுவேட்டட்" ஸ்டைல், நாலு வகுப்பு போதும். எல்லைய நீங்களே உருண்டையான எண்ணா வைங்க. தானா விட்டா ஒவ்வொரு மாச மேப்புக்கும் வேற வேற எல்லை வந்து ஒப்பிடவே முடியாம போயிடும்.

10. பக்கத்துல என்ன இருக்குன்னு சேருங்க

ஓடை லேயரை எடுத்து "லைன் இன்டர்செக்ஷன்ஸ்" போட்டா ரோட்டை ஓடை கடக்கிற இடம் புள்ளியா வரும். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்து ஓடை எவ்வளவு தூரம்னு ஒரு காலம் சேர்த்தா தவளைச் சாவு அதோட ஒத்துப்போகுதான்னு பார்க்கலாம். ஓஎஸ்எம்ல சின்ன ஓடை பல இடத்துல கிடையாது, நடக்கிறப்பவே கல்வெர்ட் ஒவ்வொன்னையும் பதிஞ்சுட்டா அது இதை விட நம்பகமான லேயர்.

குரங்குக்கும் மலையணிலுக்கும் தேவை மேல மரக்கிளை தொடுதா இல்லையாங்கறது. இலவசமா கிடைக்கிற சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்துல ஒரு கட்டம் 10 மீட்டர், ரோட்டு மேல இருக்கிற இடைவெளி அதுல தெளிவா தெரியாது. நடந்துபோய் மேல பார்த்து துண்டு வாரியா எழுதறதுதான் சரி.

11. கைல கொடுக்கிற மேப்

பிரிண்ட் லேஅவுட்ல உயிர் கூட்டத்துக்கு ஒரு மேப்னு தனித்தனியா போடுங்க. ஸ்கேல் பார், வடக்கு அம்பு, எந்த மாசத்துலேர்ந்து எந்த மாசம் வரை, மொத்தம் எத்தனை நடை, இதெல்லாம் மேப் மேலயே இருக்கணும், ஏன்னா பேப்பர் தனியா சுத்தும், உங்க மெயில் கூடவே வராது. கிலோமீட்டர் கல்லும் வளைவு நம்பரும் லேபிளா வரட்டும். பின்னாடி ஒரு டேபிள்: மோசமான அஞ்சு துண்டு, எந்தக் கல்லுலேர்ந்து எந்தக் கல்லு, என்ன உயிர், எந்த மாசம்.

தமிழ் லேபிள் பிடிஎஃப்ல உடைஞ்சு வந்தா எக்ஸ்போர்ட் செட்டிங்ல எழுத்தை "பாத்"தா, அதாவது கோட்டு வடிவமா, மாத்தச் சொல்ற ஆப்ஷன் இருக்கு, அதைத் தேர்ந்தெடுங்க.

இப்படிப்பட்ட கணக்கு பேப்பர்லயே தங்கிடும்னு நினைக்காதீங்க. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துல பண்ணாரி–காரப்பள்ளம் ரோட்டுல ராத்திரி வண்டித் தடையை அமல்படுத்தச் சொல்லி 2022 பிப்ரவரில சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதுல, அந்த ரோட்டுல அடிபட்டுச் செத்த விலங்குகளோட எண்ணிக்கை முக்கியமான இடத்துல இருந்துச்சு.

12. எதை வெளிய காட்டக்கூடாது

எறும்புத்தின்னி, நட்சத்திர ஆமை மாதிரி திருட்டுத்தனமா விலைக்குப் போற உயிர்களோட துல்லியமான இடத்தை பொதுவுல போடாதீங்க. செத்தது கிடைச்ச இடம்னா பக்கத்துல உயிரோட இருக்குன்னு அர்த்தம். உயிரினங்களைப் பார்த்த இடத்தைப் பதியற ஐநேச்சுரலிஸ்ட் தளம், அழிவு ஆபத்துல இருக்கிற இனங்களோட இடத்தை 0.2 டிகிரி கட்டத்துக்குள்ள, அதாவது சுமார் 22 கிலோமீட்டருக்குள்ள, தானா மறைச்சுடும். உங்க சொந்த மேப்ல அத நீங்கதான் பண்ணணும்: வனத்துறைக்கு துல்லியமான காப்பி, வெளிய போறதுக்கு அந்த இனங்களை நீக்கின காப்பி, ரெண்டும் வேற வேற ஃபைலா. ஒரே ஃபைல்ல லேயரை ஆஃப் பண்ணிட்டு அனுப்பினா வாங்கினவர் ஆன் பண்ணிப் பார்த்துடலாம்.

13. வேகத்தடை வந்ததுக்கு அப்புறம்

தடை போட்ட துண்டையும் போடாத சில துண்டையும், அதே துண்டு எண், அதே நேரம், அதே மாசம், அதே மாதிரி நடந்து திரும்ப பாருங்க. போட்ட இடத்துல மட்டும் பார்த்துட்டு குறைஞ்சுடுச்சுன்னு சொல்ல முடியாது, அந்த வருஷம் மழையே கம்மியா இருந்து எல்லா இடத்துலயும் தவளை குறைஞ்சிருக்கலாம். துண்டு லேயரோட ஒரு காப்பியை தேதி போட்டு தனியா எடுத்து வைங்க, ரோட்டை அகலப்படுத்தி கோடு மாறினாலும் பழைய கணக்கோட ஒப்பிட அதுதான் வேணும்.